எஞ்சினுக்கு ஓர் ஊதாங்குழல்

படங்குக்கு அந்தப் பக்கம் எஞ்சின் இருந்தது. இந்தப் பக்கம் நான் இருந்தேன். நடுவில் உம்மா, நூல் சுற்றும் ராட்டினத்தைப் போட்டுக்கொண்டு காவலுக்கு இருந்தார்.

என் மாப்பிள்ளை மவுத்தாகி இருபத்தாறு நாள். நான் இத்தாவில் இருந்தேன். மாப்பிள்ளையை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வளவை விட்டு இறங்கக் கூடாது, நிக்காஹ் முடிக்கக்கூடிய எந்த ஆணின் கண்ணிலும் படக் கூடாது. மாப்பிள்ளையின் தம்பி, என் மச்சான், அப்படிப்பட்ட ஆள்தான். ட்ரெக்டர் ஓட்டுகிறவர். அவர் எங்கள் வளவுக்குள் வந்து எஞ்சின் வேலை பார்ப்பதானால் ஒரு மறைப்பு வேண்டும் என்று உம்மா சொல்லிவிட்டார். நெல் மூடுகிற படங்கை எடுத்துக் குசினிக் கூரையிலிருந்து தென்னை மரம் வரைக்கும் இழுத்துக் கட்டினோம்.

எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மற்ற மாப்பிள்ளைமார் ஒரு பெட்டியோடு வருவார்கள். என்னுடையவர் ஒரு பெட்டியும் ஒரு பழைய கார் எஞ்சினும் கொண்டு வந்தார். யப்பான் சண்டைக் காலத்தில் திருகோணமலையில் பிளேன் நிற்கிற இடத்தில் கூலி வேலை செய்தவர். பிறகு இங்கினியாகலை அணைக்கட்டு வேலையில் மெக்கானிக். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போன புத்தகத்தில், வீட்டிலேயே மரத்தால் பிளேன் கட்டுகிற படம் இருந்ததாம். அவருக்கு இங்கிலீசு தெரியாது. படம் தெரியும். இரண்டு வருடத்தில் எங்கள் மா மரத்துக்குக் கீழே மரச் சட்டமும் துணியுமாக அது எழும்பி நின்றது. இறகுகளுக்குப் போட்ட துணி முழுக்க என் தறியில் நெய்தது.

அவர் மவுத்தாகிறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னால், அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலுக்கு அதைக் கொண்டு போய் ஓட்டிப் பார்த்தார். நானும் உம்மாவும் மாட்டு வண்டிலில் இருந்து பார்த்தோம். முதல் ஓட்டத்தில் உருண்டு ஓடின சில்லுகள் நிலத்தை விட்டு ஒரு சாண் எழும்பின. கோழி வரம்பைத் தாண்டுகிற மாதிரி ஒரு குதி. பிறகு கிறுகித் திரும்பி வந்து இரண்டாம் தரம் ஓடினார், எழும்பவில்லை. மூன்றாம் தரமும் எழும்பவில்லை. எஞ்சின் சூடேறச் சூடேற இளைத்துப் போனது. சனம் வரம்பு முழுக்க நின்றது. ஒருத்தன் கத்தினான்:

"மாப்புள வயல் உழுறாரு டோய்! விதநெல்லுக் கொண்டுவாங்க!"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். வாயைப் பொத்தினேன், ஆனாலும் அவர் கண்டுவிட்டார்.

வண்டிலில் திரும்பி வரும்போது சொன்னார்: "சிரி, சிரி. ஒரு நாளைக்கு நீ கோழிக்கு அரிசி போட்டுட்டு நிப்பாய். உன்ட கூரைக்கு மேலால போவன். நிமிந்து பாப்பாய். அப்ப சிரி."

பிறகு காய்ச்சல். மூன்று நாள்.

மாமா, அவருடைய வாப்பா, கொஞ்சம் நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், எஞ்சினைக் கழற்றி வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் பூட்டப் போவதாக. அது நியாயந்தான். மச்சான் கடப்பில், வேலி வாசலில், நின்று வாப்பாவோடு மல்லுக்கட்டியது எனக்கு உள்ளே கேட்டது. கடைசியில் மாமா, "வட்ட விதான வாய்க்கால் திறக்கிற வரைக்கும் உங்கட. மறுகா என்ட" என்று போய்விட்டார். வட்டை விதானைதான் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். வாய்க்கால் திறந்தால் வயலெல்லாம் சேறாகிவிடும். ஓட இடம் இராது. அதற்குப் பதினாலு நாள் இருந்தது. என் இத்தா முடிய மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. நான் வயலுக்குப் போய்ப் பார்க்க ஏலாது. அந்தப் பிளேன்தான் என் வேலிக்கு மேலால் வர வேண்டும். எனக்கு அது வேண்டும். வேறொன்றும் அந்த நாட்களில் வேண்டி இருக்கவில்லை, சோறு கூட.

அப்படித்தான் படங்கு கட்டினது.

பிளேனின் வாலில் ஒரு தடித்த கயிறு கட்டி, படங்கில் ஓட்டை போட்டு, என் பக்கத்துத் தென்னையில் முடிந்திருந்தோம். எஞ்சின் ஓடும்போது அது பாய்ந்துவிடாமல் இருக்க. மச்சான் பிளேனின் மூக்கிலுள்ள விசிறியைச் சுற்றிவிடுவார். எஞ்சின் உறுமும். மா இலையெல்லாம் பறக்கும், கோழிகள் குசினிக்குள் ஓடும், உம்மா ராட்டினத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஸலவாத்து ஓதுவார். நான் கயிற்றில் விரலை வைத்துக்கொண்டு நிற்பேன்.

தறியில் பாவு, நீள நூல், எவ்வளவு இழுபட்டு நிற்கிறது என்று விரலால் தட்டிப் பார்த்தே சொல்கிறவள் நான். கயிறும் அப்படித்தான். எஞ்சின் தொடங்கினவுடன் கயிறு விறைத்து விரலுக்குள் பாடும். பத்து நிமிடத்துக்குள் தொய்ந்து போகும்.

"மச்சான், விட்டுட்டுது!" என்று கத்துவேன்.

"எவ்வளவு?"

"பாவு தொஞ்ச மாதிரி. ரெண்டு விரலுக்கு ஆடுது."

"பாவு எனக்கென்ன விளங்கும் மச்சி? ட்ரெக்டர் பாஷையில சொல்லுங்க!"

"சேத்துல பூந்த ட்ரெக்டர் மாதிரி!"

"ஆ, அப்பிடிச் சொல்லுங்க."

எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் படங்குக்கு அங்கால குந்தி இருந்து விளங்கப்படுத்தினார். "எஞ்சின் பெற்றோல மட்டும் குடிக்கிறல்ல மச்சி, காத்தயும் தின்னுது. காத்து போற வாய், காபிரேட்டர், புகைக்குழாய்க்கு ஒட்டினாப் போல இரிக்கி. சூடேறினா வெந்த காத்தத்தான் இழுக்குது. வெந்த காத்து பொரி மாதிரி. மரைக்கால் நெறயும், பசி அடங்காது."

"பொரி திண்டா தண்ணி குடிக்கணும்" என்றார் உம்மா, நூலை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அதில்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. காபிரேட்டர் வாய்க்கு ஈரத் துணி. காற்று ஈரத் துணிக்குள்ளால் போனால் குளிர்ந்து போகும். மண் பானைக்கு ஈரச் சீலை சுற்றினால் தண்ணீர் குளிர்கிறது. நான் தறியில் உட்கார்ந்து, தறியில் கிடந்த பாவிலேயே ஒரு முழம் இழை விட்டு ஐதாக நெய்தேன். இத்தாவில் வெள்ளை உடுத்தியிருக்கிறேன், துணியும் வெள்ளை. வெட்டி, நனைத்து, படங்குக்குக் கீழால் நீட்டினேன். மச்சான் கட்டினார். கயிற்றில் கை வைத்தேன்.

மூன்று நிமிடம் கயிறு நன்றாகப் பாடியது. நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், வெள்ளைச் சேலையைத் தூக்கிக்கொண்டு. நாலாம் நிமிடம் எஞ்சின் இருமியது. தும்மியது. நின்றது. சோறு அடிப் பிடித்த வாசம் வந்தது.

உம்மா எழும்பிக் குசினிக்கு ஓடினார். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தார்.

படங்குக்கு அங்கால மச்சான் எதையோ கழற்றுகிற சத்தம். பிறகு மச்சானின் குரல்: "மச்சி."

"என்ன?"

"காபிரேட்டருக்குள்ள கஞ்சி காச்சி வெச்சிரிக்கி."

நாங்கள் பாவுக்குச் சோற்றுக் கஞ்சி போட்டுத்தான் நெய்வோம். கஞ்சி போடாத பாவு தறியில் நிற்காது, அறுந்து போகும். பிறந்ததிலிருந்து அப்படிச் செய்கிறதால் அது துணிக்குள் இருக்கிறது என்பதே எனக்கு நினைவில்லை. நனைத்த துணியிலிருந்து கஞ்சி கரைந்து, எஞ்சின் அதை உறிஞ்சி, உள்ளே வைத்துக் காய்ச்சிவிட்டது. நூலும் நனைந்து ஊதி, துணியின் கண்ணெல்லாம் அடைபட்டு, கடைசியில் காற்றே போகவில்லை.

"உப்புப் போட்டயா கா?" என்று உம்மா கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிலத்தில் இருந்துவிட்டேன். மச்சானும் அங்கால சிரிக்கிறது கேட்டது. "நோம்புக்கு முந்தியே நோம்புக் கஞ்சி!" என்றார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்தேன். உம்மா ராட்டினத்தை நிறுத்தினார்.

"மெல்லமா கா புள்ள. இத்தாவில இரிக்கிற பொம்புள சிரிக்கிற சத்தம் தெருவுக்குக் கேக்குது."

நிறுத்த ஏலவில்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாது. காய்ச்சல் கிடந்த அந்த மூன்று நாளும் மாப்பிள்ளையின் நெற்றியில் நான் ஈரத் துணிதான் மாற்றி மாற்றிப் போட்டேன். வைத்த கொஞ்ச நேரத்திலேயே துணி சுட்டது. நனைத்து நனைத்துப் போட்டேன். வேறொன்றும் எனக்குத் தெரியாது. எஞ்சினுக்கும் அதையே செய்திருக்கிறேன். இதை நான் உம்மாவிடம் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அடுத்த நாள் மச்சான் வந்து, நாள் முழுக்கக் காபிரேட்டரைக் கழற்றி ஊசியால் கஞ்சி சுரண்டினார். தேத்தண்ணி போடலாம் என்று நான் குசினிக்குள் போய் அடுப்பை ஊதினேன். விறகு ஈரம். ஊதாங்குழலை வாயில் வைத்து ஊத வேண்டும், பிறகு முகத்தை அங்கால திருப்பிக் கதவுப் பக்கமாக மூச்சு இழுக்க வேண்டும். அடுப்புப் பக்கமாக இழுத்தால் புகையும் சூடும் நெஞ்சுக்குள் போய் இருமி இருமிச் சாக வேண்டும். இது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நான் ஊதினேன், திருப்பி இழுத்தேன், ஊதினேன், திருப்பி இழுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

ஊதாங்குழலோடு ஓடி வந்தேன். "மச்சான்! அது அடுப்புக்குள்ள மூக்க வெச்சுக்கிட்டு மூச்சு இழுக்குது!"

"எது?"

"எஞ்சின்! அதுக்குக் கதவுப் பக்கம் மூஞ்சத் திருப்ப ஏலா. ஒரு ஊதாங்குழல் குடுங்க. நீட்டா. முன்னுக்கு, சூடில்லாத இடத்துக்கு. வெந்த காத்தக் குளிராக்கிறத்துக்கு நாம என்னத்துக்குக் கிடந்து சாகணும்? பச்சக் காத்து முன்னுக்குக் கிடக்கு, அங்கயிருந்து இழுக்கட்டுமே!"

அந்தப் பக்கம் ஊசி சுரண்டுகிற சத்தம் நின்றது. பிறகு ஸ்பேனர் விழுகிற சத்தம்.

"தேத்தண்ணி எங்க?" என்று உம்மா கேட்டார். மச்சான் தகரம் தேடிப் போய்விட்டார்.

மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் சுருட்டி, ஈயம் பற்றவைத்து, மச்சான் ஒரு குழாய் செய்தார். காபிரேட்டர் வாயிலிருந்து மூக்குக்குக் கீழே, விசிறிக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் எட்டாத இடம் வரைக்கும். நுனி புனல் மாதிரி அகலம். புகைக்குழாய்க்கும் காபிரேட்டருக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டும் வைத்தார், சூடு அடிக்காமல்.

"மச்சி, இதுக்கும் ஒரு படங்கு கட்டிட்டன்" என்றார்.

"அதுக்கு எத்தின மாசம்?" என்று உம்மா கேட்டார்.

ஓட விட்டோம். முதல் தரம் வாய் திறந்தபடி இருந்ததால் ஒரு வெட்டுக்கிளியையும் கொஞ்சம் வைக்கோலையும் விழுங்கிவிட்டு நின்றது. அதற்குத்தான் என் துணி தேவைப்பட்டது, ஈரமில்லாமல், கஞ்சியில்லாமல். கஞ்சி போடாத நூலில் நெய்ய நான் பட்ட பாடு! பத்து இழை ஓடினால் ஒன்று அறுந்தது. முடிச்சுப் போட்டுப் போட்டு ஒரு சாண் துணி நெய்ய இரண்டு நாள். கொசுவலை மாதிரி ஐது. அதை மச்சான் புனல் வாயில் கட்டினார்.

கயிற்றில் விரல் வைத்தேன். பத்து நிமிடம். பாடியது. பதினைந்து. பாடியது. தென்னை மரமே முனகியது. இருபது நிமிடத்தில் மச்சான், "எப்பிடி மச்சி?" என்று கத்தினார். கயிற்றைப் பிடித்து ஆட்டப் பார்த்தேன், அது ஆடவில்லை.

வாய்க்கால் திறக்க ஐந்து நாள் இருக்கும்போது பிளேன் வயலுக்குப் போனது. எங்கள் வீடு ஊருக்கு மேற்கு ஓரம், வேலிக்கு அங்காலேயே வயல் வட்டை தொடங்குகிறது. சத்தம் எல்லாம் கேட்கும், ஒன்றும் தெரியாது, கிடுகு வேலி. மச்சான் நாலு வரம்பை வெட்டி நிரவிப் பாதை போட்டார். ஓட்டத் தெரியுமா என்று கேட்டதற்கு, "காக்கா சொல்லித் தந்தவர்" என்றார். காக்கா என்றால் அண்ணன், என் மாப்பிள்ளை. அவரும் ஒரு சாண்தான் பறந்தவர். மூன்று நாள் தவளை மாதிரிக் குதித்துக் குதித்துப் பழகினார். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், பனையில் பாதி. ஊர் விதானையார் வந்து பார்த்துவிட்டு, இதைத் தடுக்கத் தன்னிடம் சட்டம் ஒன்றும் இல்லை என்று சொல்லி, வரம்பில் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டாராம்.

கடைசி நாள். நாளைக்கு வாய்க்கால் திறக்கிறது. நல்ல வெயில் ஏறின நேரம். நான் ஒரு பிடி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அவர் சொன்ன மாதிரி. கோழிகள் காலைச் சுற்றின. எனக்கு நெஞ்சு தறி மாதிரி அடித்தது.

எஞ்சின் சத்தம் ஏறியது. ஓடியது. சனம் கூவியது. பிறகு சனத்தின் சத்தம் திடீரென்று நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும், நிலத்திலிருந்து அல்ல, மேலிருந்து, எங்கள் பக்கமாக.

"உம்மா, வருது!"

உம்மா வானத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"யா அல்லாஹ்! மேலால ஆம்புள வாறான்கா!"

நாலு பக்கமும் வேலி, நடுவில் படங்கு, கடப்புக்கு ஓலைத் தட்டி, எல்லாம் பார்த்துப் பார்த்து மறைத்தோம். மேலே ஒன்றும் கட்டவில்லை. உம்மா பாய்ந்து படங்கை இழுத்து அவிழ்த்து என் தலைக்கு மேலே எறிந்தார். நெல் தூசியும் இருட்டும். நான் தும்மினேன். அரிசி கொட்டியது. தலைக்கு மேலால் அந்தச் சத்தம் போனது, படங்கு அதிர்ந்தது, என் பல்லு அதிர்ந்தது. போய்விட்டது.

"உம்மா!" நான் படங்குக்குள் கத்தினேன். "நான் காணல்லயே! நான் காணல்லயே!"

"சும்மா இரிகா. நானும் உன்னப் புடிச்சதில காணல்ல."

உள்ளே கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எஞ்சின் இளைக்க வேண்டும். அன்றைக்கு என் மாப்பிள்ளைக்கு இளைத்தது. கயிறு இல்லை, காதால்தான் பார்க்க வேண்டும். கடல் பக்கம் போனது சத்தம். கிறுகியது. மெலியவில்லை. பாவு தொய்யவில்லை. இரண்டாம் சுற்று. அவருக்கு ஒரு நாளும் கிடைக்காத இரண்டாம் சுற்று. திரும்ப எங்கள் பக்கமாக வந்தது.

படங்கைப் பிடித்திருந்த உம்மாவின் கை தளர்ந்தது. நான் தலையை வெளியே எடுத்தேன். உம்மா வாயைப் பிளந்து நிமிர்ந்து நின்றார், முக்காடு தோளில். என்னை மறந்தே போனார்.

கூரைக்கு மேலால் வந்தது. என் தறித் துணி இறகு. மரச் சட்டம் நிழலாகத் தெரிந்தது. மூக்குக்குக் கீழே தகர ஊதாங்குழல், வாயில் ஒரு சாண் வெள்ளை. தென்னை ஓலையில் சில்லு உரசி ஒரு குரும்பை விழுந்தது. நான் மூச்சு விடவில்லை. கோழிகள் அரிசியை விடவில்லை.

போனது. சிரித்தேனா என்றால், இல்லை. வாய் திறந்தபடி நின்றேன். அவர் சொன்னது நினைவுக்கு வரும்போது வானம் காலியாக இருந்தது.

இறங்கும்போது வரம்பில் இடித்து ஒரு சில்லுக் கழன்றதாம், வேறொன்றும் இல்லை. பின்னேரம் மச்சான் வந்து, உம்மா திரும்பக் கட்டின படங்குக்கு அங்கால நின்றார்.

"மச்சி, கண்டீங்களா?"

"ரெண்டாந்தரம் கண்டன்."

"காக்கா சொன்ன மாதிரிப் போனனா?"

"ஓம் மச்சான். கூரைக்கு மேலால."

உம்மா இடையில் புகுந்தார். "மனே, ஒரு கதை கேக்கணும். மேலால போற நேரம் எங்கட வளவப் பாத்தயா?"

"என்ன மாமி கதைக்கிறீங்க! இத்தாவில இரிக்கிற மச்சிட வளவுக்கு மேலால கண்ணத் திறந்துக்கிட்டா போற? ரெண்டு தரமும் வேலி வரக்குள்ள கண்ண இறுக்கி மூடிட்டன்."

உம்மா தென்னையை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப தென்ன மரத்த எப்பிடிக் கண்டாய்?" என்று உம்மா கேட்டார்.

"எந்தத் தென்ன மரம் மாமி?"

அப்போதுதான் வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு நிறுத்த ஏலாமல். படங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், படங்கு குலுங்கியது, அங்கால மச்சான் "எந்தத் தென்ன மரம்? மச்சி, எந்தத் தென்ன மரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெருவில் யாரோ நின்று பார்த்திருப்பார்கள். உம்மா என்னைப் பார்த்தார், விழுந்து கிடந்த குரும்பையைப் பார்த்தார், முக்காட்டை இழுத்து வாயைப் பொத்தினார், அவருடைய தோளும் குலுங்கத் தொடங்கியது.